நாலு மணி வரி

டிரைவரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போகிறீர்களா சார்? சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சரணம் முடியட்டும். ஒரு நிமிடம்தான். இதோ, இப்போது வரும் பாருங்கள். நாலு மணி வரைக்கும் பொறுத்திரு, நான் வந்துருவேன் பாத்திரு. கேட்டீர்களா? அந்தக் கடைசி வார்த்தையில் பாடுகிற பையன் லேசாகத் தொண்டையை உடைக்கிறான். அந்த இடத்தில்தான் ஊரே விழுந்துவிட்டது.

அந்த வரி என்னுடையது சார்.

சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, பழகிவிட்டது. ஆரப்பாளையத்தில் ஏறும்போதும் இதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டரிடம் சொன்னேன். "அப்பிடியா பெருசு? அப்ப மியூசிக்கு நான்தான் போட்டேன். உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்றான். உள்ளே வந்தேன். உங்கள் மடியில் கறுப்புக் கோட்டைப் பார்த்தேன். பின்னால் சீட்டெல்லாம் காலியாக இருந்தும் இங்கே வந்து உட்கார்ந்தது அதனால்தான். ஒளிப்பானேன்? உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேஸ் எல்லாம் இல்லை. சாட்சி பற்றி ஒரு சந்தேகம். உத்தமபாளையம் கோர்ட்டுக்குத்தானே போகிறீர்கள்? நானும் அங்கேதான் இறங்குகிறேன். என் மனைவி அங்கே இருக்கிறாள். அவள்தான் என் சாட்சி.

முதலில் இருந்து சொன்னால்தான் புரியும். உசிலம்பட்டிதான் வந்திருக்கிறோம், நேரம் இருக்கிறது.

என் பெயர் சுருளிவேல். ஐம்பத்து நான்கு முடிந்துவிட்டது. பாட்டுக்கு 'வைகைச் சுருளி' என்று வைத்துக்கொண்டேன். திருவிழா நோட்டீஸைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ரேஷன் கடையில் எடை போடுகிறவனாக இருந்தேன். எடை போட்டுக்கொண்டே எழுதுவேன். எங்கள் பக்கத்தில் முப்பது வருடமாகப் பாட்டு வேண்டும் என்றால் என்னிடம்தான் வருவார்கள். அம்மன் கோயிலுக்குக் கும்மி, முளைப்பாரிப் பாட்டு, காது குத்துப் போஸ்டருக்கு நாலு வரி, கண்ணீர் அஞ்சலிக்கு நாலு வரி. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் எழுதுவேன். ஒரே மெட்டு, சின்னம் மட்டும் மாறும். ஒரு தடவை மாற்ற மறந்துவிட்டேன். ஒரு கட்சி வேனில் இன்னொரு கட்சிச் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டபடி மூன்று தெரு சுற்றி வந்துவிட்டார்கள். அதற்கு அடி வாங்கினேன். அது வேறு கதை.

அது எனக்குப் போதவில்லை சார். படத்தில் என் பெயர் வர வேண்டும். 'பாடல்' என்று போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி வைத்து, பக்கத்தில் பெயர். அந்த இரண்டு புள்ளிக்குப் பக்கத்தில் நான் ஒருநாள் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கல்யாணமான புதிதில் பவுனுத்தாயி கேட்டாள், "அந்தப் பேரு வந்துட்டா அப்பறம் வீட்டுலயே இருப்பீங்களா?" என்று. இருப்பேன் என்றேன். கேட்டதற்கு உடனே சரி என்று சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

பவுனுத்தாயி என் தாய்மாமன் மகள். பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை. எங்களுக்கு ஒரே மகள். போடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

மகள் கல்யாணம் முடிந்த மறு வருடம் ஆல்வின் போன் பண்ணினான். ஆல்வினும் போடிக்காரன்தான். முப்பது வயதுகூட இருக்காது. சென்னையில், சாலிகிராமத்தில், ஒரு மாடியில் ஸ்டுடியோ போட்டிருந்தான். இசையமைப்பாளராக அவனுக்கு அது முதல் படம். "அண்ணே, ஒங்க முளைப்பாரிப் பாட்டு எங்க அத்தை கல்யாணத்துலருந்து எனக்கு மனப்பாடம். நம்ம ஊருப் பேச்சுல ஒரு பாட்டு வேணும். வேலைக்குப் போன எடத்துலருந்து புருசன் பொண்டாட்டிக்குப் பாடுறான். பத்து நாள் வாங்கண்ணே, முடிச்சிட்டுப் போயிரலாம்" என்றான்.

பத்து நாள் என்றுதான் வீட்டில் சொன்னேன். பதினான்கு மாதம் இருந்தேன்.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். அந்தத் தொழில் எப்படி என்று தெரிந்தால் பார்க்க மாட்டீர்கள். பாட்டு எழுதுவது என்றால் பேனாவை எடுத்து எழுதுவது என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. மெட்டு முதலில் வரும். மெட்டு போடுகிறவர் 'தன்னானே தானானே' என்று பாடிக் காட்டுவார். நீங்கள் அந்தத் தானானேயை எடுத்துவிட்டு அதே அளவுக்கு வார்த்தையை உட்கார வைக்க வேண்டும். ஒரு எழுத்து நீண்டாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. ஆல்வினுக்குத் தானானே வராது. வார்த்தை இருந்தால்தான் அவனுக்கு வாய் திறக்கும். அதனால் கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுப் பாடுவான். டம்மி வரி என்பார்கள். சாப்பாட்டுக் கடைக்காரன் சொன்னது, பக்கத்து வீட்டுச் சண்டை, பிஸ்கட் கவரில் இருப்பது, எல்லாம் போகும். கதாநாயகன் அம்மா சாகிற இடத்துக்கு ஒரு மெட்டு. 'பூரி ரெண்டு கிழங்கோட' என்று கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடினான். எனக்கு அழுகை வந்துவிட்டது சார், சத்தியமாக. கிழங்கு என்கிற இடத்தில் அவ்வளவு சோகம்.

பிறகு அந்த டம்மியை எடுத்துவிட்டு நிஜ வரியை வைப்பார்கள். அதற்குத்தான் நான்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், சாட்சிக்கு முக்கியம். அந்த ஸ்டுடியோ முழுக்கச் சத்தம் போகாமல் பஞ்சு வைத்து அடைத்திருக்கும். போன் சிக்னல் வராது. ஒரே ஒரு இடத்தில்தான் வரும். ஆல்வின் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்கிற இடத்துக்குப் பக்கத்து ஜன்னல். பவுனுத்தாயி பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, ஒன்றரை மணிக்குக் கூப்பிடுவாள். நான் அந்த ஜன்னலில் நின்று பேசுவேன். அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பான். புருஷன் பெண்டாட்டிக்குப் பாடுகிற அந்த மெட்டைத்தான். அதுதான் ஓகே ஆகாமல் நின்றது.

முதல் மாதம் கேட்டாள், "பத்து நாளுன்னீங்களே?" என்று. "இந்த வெள்ளி இல்லேன்னா அடுத்த வெள்ளி" என்றேன். எனக்கு அப்போது பல்லவி ஏழோ எட்டோ முடிந்திருந்தது. டைரக்டர் வந்து கேட்பார். "நல்லாருக்கு சார். ஆனா என்னமோ ஒண்ணு இல்ல" என்பார். அந்த என்னமோ என்ன என்று அவரும் சொல்ல மாட்டார், எனக்கும் தெரியாது. ஓகே ஆகாமல் ஊருக்குப் போகலாமா? போனவன் திரும்பி வந்தால் ஸ்டுடியோவில் அவன் பாயில் வேறொரு பாட்டுக்காரன் படுத்திருப்பான். எத்தனை பேரைப் பார்த்தேன்.

அடுத்து அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன். மகள்தான் கூட இருந்தாள். நான் தினமும் பேசினேன் சார், ஒருநாள் விடவில்லை. "மாத்திரைய மறக்காத, மனசப் போட்டுக் குழப்பாத" என்பேன். "வந்துட்டுப் போயிருங்களேன்" என்றாள். "சத்தம் போட்டுப் பேசாத, பக்கத்துல ஆளு இருக்கு" என்றேன். "சாப்பிட்டியா, நீ சாப்பிடு" என்றேன். பாட்டில் வருகிறதே, கேட்டீர்கள் அல்லவா? அழகாக உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குப் பல்லவி இருபத்தாறு.

உண்மையைச் சொன்னால் சார், இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, பாட்டு எழுதுகிறவர்கள் சங்கத்தில் சொல்வதற்காக வைத்திருக்கிறேன். ஜன்னலில் நின்று பேசும்போது பின்னால் மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு, என் பேச்சு தானாகப் போய் அதில் உட்கார்ந்துவிடும். நான் நினைத்துச் செய்ததில்லை. அவள் ஒன்று கேட்பாள், நான் ஒன்று சொல்வேன், சொன்னது அப்படியே தாளத்தில் விழும். ஆல்வின் திரும்பிப் பார்ப்பான். சிரிப்பான். கட்டை விரலைக் காட்டுவான். ஒரு தடவை நான் சொன்ன வார்த்தை அரை எழுத்து நீண்டுவிட்டது. உடனே சுருக்கி இன்னொரு தடவை சொன்னேன். அவள், "கேட்டுருச்சு, ஏன் ரெண்டு வாட்டி சொல்றீங்க?" என்றாள்.

ஆக, அது வெறும் பேச்சு இல்லை. மெட்டுக்குப் பொருந்தச் சொன்னது. அதற்குப் பெயர்தானே பாட்டு எழுதுவது? நீங்கள் சட்டம் படித்தவர், சொல்லுங்கள். பேனா பிடித்தால்தான் எழுத்தா?

அந்த நாலு மணி வரிக்கு வருகிறேன்.

உத்தமபாளையத்தில் மாமா இறந்துவிட்டார். பவுனுத்தாயியின் அப்பா. நல்ல மனுஷன். நான் கோயிலில் பாடினால் முன் வரிசையில் உட்கார்ந்து தப்புத் தப்பாகத் தாளம் போடுவார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார், வயதில் மூத்தவர், "மாமா, வேணாம் மாமா" என்பேன். காலை ஒன்பது மணிக்குப் பவுனுத்தாயி கூப்பிட்டாள். அழவில்லை. "அப்பா போயிட்டாரு. எப்ப எடுக்கலாம்னு கேக்குறாங்க" என்றாள். மருமகன்தான் முன்னால் நிற்க வேண்டும். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அன்று பார்த்து டைரக்டர் பதினோரு மணிக்கு வருகிறார். பல்லவி நாற்பதும் நாற்பத்தொன்றும் கையில் இருக்கிறது. இரண்டில் ஒன்று கட்டாயம் ஓகே ஆகிவிடும் என்று ஆல்வின் சொல்லியிருக்கிறான். நான் ஜன்னலில் நிற்கிறேன். பின்னால் மெட்டு ஓடுகிறது.

"நாலு மணி வரைக்கும் பொறுத்திரு, நான் வந்துருவேன் பாத்திரு" என்றேன்.

சென்னையிலிருந்து உத்தமபாளையம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாதா சார்? அந்த நிமிடமே பஸ் பிடித்தாலும் பத்து மணி நேரம். நாலு மணிக்கு எப்படி வருவேன்? ஆனால் வாயில் வந்தது நாலு மணிதான். ஏழு மணி என்று சொல்லிப் பாருங்கள், பின்னால் வருகிற 'நான்' ஒட்டாது, மோனை போச்சு. நாலு மணி என்று சொல்லிப் பாருங்கள். எவ்வளவு மெதுவாகப் போய் உட்காருகிறது.

நாலு மணி வரை வைத்திருந்திருக்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் சத்தம் போட்டார்களாம். வெயில் காலம். "ஆளு பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்காரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வாசலில் நின்றாளாம். அப்புறம் யாரோ பங்காளி முன்னால் நின்று எடுத்துவிட்டார்கள். நான் மூன்றாம் நாள் போனேன். போகாமல் இல்லை. போனேன். காரியத்துக்கு முன்னாடியே போய்விட்டேன். அவள் கை கழுவத் தண்ணீர் கொடுத்தாள். தட்டில் சோறு போட்டாள். பிறகு, "அவுகளுக்கு அந்தப் பாட்டு பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டாள். நாற்பதும் நாற்பத்தொன்றும் டைரக்டருக்குப் பிடித்ததா என்று கேட்கிறாள் என்று நினைத்து, "இல்ல, ரெண்டையும் தள்ளிட்டாங்க" என்றேன். மறுநாள் நான் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். அவள் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு உத்தமபாளையத்தில் மாமா வீட்டிலேயே தங்கிவிட்டாள். மாறுதல் வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கோபம் என்று சொல்ல முடியாது. போனை எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

பாட்டு எப்படி வெளியே வந்தது என்று கேளுங்கள். நான் சாலிகிராமத்தில் ஒரு டீக்கடையில் நிற்கிறேன். சட்டைப் பையில் பல்லவி நாற்பத்திரண்டு. டீ மாஸ்டர் போனில் ஒரு பாட்டு ஓடுகிறது. மெட்டு எனக்குத் தெரியும். வார்த்தை காதில் விழுகிறது. 'இந்த வெள்ளி இல்லேன்னா அடுத்த வெள்ளி.' எனக்கு ஒரு நிமிடம் பவுனுத்தாயி பக்கத்தில் நிற்கிறாள் என்று தோன்றியது. திரும்பிக்கூடப் பார்த்தேன். என் போன் பேச்சை எடுத்து ஆல்வின் டம்மியாகப் பாடி வைத்திருந்ததையே டைரக்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார். "இதுலதான் உசுரு இருக்கு, இதையே வச்சிருங்க" என்றாராம். போனை வாங்கிப் பார்த்தேன். பாடல் என்று போட்டு, இரண்டு புள்ளி வைத்து, ஆல்வின் என்று இருந்தது.

ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"ஆல்வின், இது என்னோட வரிப்பா."

"அண்ணே, நீங்க எழுதிக் குடுத்தது நாப்பத்தொண்ணு. எல்லாம் பத்திரமா இருக்கு. அதுல இது எதுன்னு எடுத்துக் காட்டுங்க, நானே ஒங்க பேரப் போடச் சொல்றேன்."

"எழுதல. பேசுனேன். இந்த ஜன்னல்ல நின்னு பேசுனேன்."

"பேசுனதுக்கெல்லாம் பேரு போட்டா, பூரி கிழங்குக்கு அந்தக் கடைக்காரன் பேரயில்ல போடணும்?"

"அவன் மெட்டுக்குச் சொல்லலப்பா. நான் மெட்டுக்குச் சொன்னேன்."

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். "அண்ணே, நீங்க அண்ணிகிட்ட பேசிக்கிட்டிருக்கீங்கன்னுல்ல நான் நெனச்சேன்" என்றான். அந்தப் பயலுக்கு என்ன வாய் பாருங்கள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அங்கே போய் எழுதிக் கொடுத்தேன். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நடுவில் இருந்தவர், "ஐயா, எழுதினதுன்னா தாளு இருக்கும். பேசினதுக்கு என்ன சாட்சி?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "இந்தப் பக்கம் நான் பேசினேன் என்றால் அந்தப் பக்கம் ஒருத்தி கேட்டிருப்பாள் அல்லவா? என் மனைவி" என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. "அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. இந்த வரியெல்லாம் இவர் எனக்குச் சொன்னதுன்னு அவங்க சொன்னா, நாங்க அந்தத் தம்பியக் கூப்பிட்டுப் பேசுறோம். பேரு வந்துரும்" என்றார். வருகிற திங்கட்கிழமை, பதினோரு மணி.

முப்பது வருடத்தில் 'பேரு வந்துரும்' என்று ஒருத்தர் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

சில சமயம் உட்கார்ந்து யோசிப்பேன். நாற்பத்திரண்டு பல்லவி எழுதினேன். ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். நிலவு, மல்லிகை, கண்மாய்க் கரை, எதையும் விடவில்லை. ஒன்றும் நிற்கவில்லை. நினைக்காமல் சொன்னது நின்றுவிட்டது. அப்படியானால் நான் பாட்டுக்காரனா இல்லையா? ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனுஷனுக்கு இது தெரியாமல் இருக்கலாமா? டைரக்டர் சொன்னாரே, இதில் உயிர் இருக்கிறது என்று. அது யாருடைய உயிர்? என்னமோ போங்கள். தேனியா இது? டீ குடிக்கிறீர்களா? வேண்டாம் என்றால் விடுங்கள். எனக்கும் வேண்டாம்.

ஒன்று மட்டும் தெம்பாக இருக்கிறது சார். அவளுக்கு இந்தப் பாட்டு மேல் பெருமை உண்டு. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவள் நம்பருக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். ரிங் போகாது. இந்தப் பாட்டுத்தான் கேட்கும். எங்கள் மகள் சொன்னாள், "அம்மா செல்போன் கடைக்கு நடந்து போயி, இந்தப் பாட்டுதான் வேணும்னு கேட்டு வாங்கி வச்சிச்சுப்பா. வீட்டுல டிவியில அது வந்தா எந்திரிச்சு வெளிய போயிருது. ஆனா போனுல வச்சிருக்கு. ஏம்மான்னா, ஒங்கப்பா கூப்பிட்டா கேக்கணும்லங்குது." பாருங்கள். என் பெயர் போடவில்லை என்றாலும் என் பாட்டு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறாள். நான் தினமும் ஒன்றரை மணிக்குக் கூப்பிடுவேன். எடுக்க மாட்டாள். நாலு மணி வரி வரைக்கும் ஓடும், பிறகு கட்டாகிவிடும். மறுபடியும் போடுவேன். அதே இடத்தில்தான் கட்டாகும்.

இப்போது நான் வருகிற விஷயம்கூட அவளுக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது? எடுத்தால்தானே? நேரில் போய் நின்றால் முகத்தைத் திருப்ப மாட்டாள். ஆனால் சாட்சி சொல்ல வரச் சொல்லி வாசலில் நின்று கேட்பது கஷ்டம். முன்னாடியே காதில் போட்டுவிட்டால் நல்லது. சார், தப்பாக நினைக்காவிட்டால், உங்கள் போனைக் கொஞ்சம் கொடுப்பீர்களா? தெரியாத நம்பர் என்றால் எடுப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து அதிகாரி யாராவது இருக்கும் என்று எடுத்துவிடுவாள். நம்பர் எனக்கு மனப்பாடம். நன்றி சார்.

கேளுங்கள், பாட்டு ஓடுகிறது. உங்களுக்கும் கேட்கிறதா?

ஹலோ... பவுனு? நான்தான். வச்சிராத, வச்சிராத... இது வக்கீல் சார் போனு... இல்ல, கேஸெல்லாம் ஒண்ணுமில்ல... பஸ்ஸுலதான் இருக்கேன். சின்னமனூரு தாண்டியாச்சு... நெசமாத்தான் பவுனு. ஆரன் சத்தம் கேக்கல?... இந்தா பாரு, நீ ஒண்ணும் பண்ண வேணாம். திங்கக்கிழமை என்கூட வந்து ஒரு வார்த்தை சொல்லணும். அந்தப் பாட்டு நான் ஒங்கிட்ட பேசுனதுதான்னு... ம்... ம்... ஆமா... ஆமா, அது மாமாவுக்கு... ம்... சரி... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... சரி.

இந்தாருங்கள் சார். வைத்துவிட்டாள்.

வருகிறாளாம்! சார், வருகிறாளாம். நான் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன், ஒரு தடவைதான் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "வர்றேன். வந்து சொல்றேன். ஒவ்வொரு வரியும் எனக்குச் சொன்னதுதான்னு சொல்றேன். எந்த வரிய என்னைக்குச் சொன்னீங்கன்னும் சொல்றேன், எனக்கு ஒண்ணும் மறக்கல. பின்னால அந்த மெட்டு கேட்டுக்கிட்டே இருந்துச்சுல்ல, அதையும் சொல்றேன். நாலு மணி வரி எதுக்குன்னும் சொல்றேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவுக ஒங்க பேரப் போடட்டும்." இதைவிட ஒரு சாட்சி உண்டா? நாள் முதற்கொண்டு சொல்கிறேன் என்கிறாள். மெட்டு ஓடியதுகூட அவளுக்குக் கேட்டிருக்கிறது. அதுதானே எனக்கு வேண்டும். ஆல்வின் இனி வாயைத் திறக்க முடியாது.

கடைசியில், "இப்ப நேரா வீட்டுக்கா வர்றீங்க?" என்று கேட்டாள். சரி என்றேன். "வாங்க. சோறு இருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

நான் கேட்க வந்த சந்தேகம் இதுதான் சார். சாட்சி என்றால் எவ்வளவு சொல்ல வேண்டும்? இவர் சொன்ன வரிதான் என்று சொன்னால் போதும் அல்லவா? எதற்குச் சொன்னார் என்றும் கேட்பார்களா? அந்த மூன்று பேரும் நல்லவர்கள். நடுவில் இருப்பவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். அவர் முன்னால் போய் அவள் அந்த நாலு மணியை... இல்லை, சொல்லட்டும், பொய்யா சொல்லப் போகிறாள்? ஆனால் வெறும் கையெழுத்து மட்டும் போட்டால் ஆகாதா? நீங்கள்தான் சார் சொல்ல வேண்டும்.

என் பெயரைப் போட்டுவிடுவார்கள். அது சரி. போட்டால், இந்தப் பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லோரும் இது சுருளிவேல் சொன்னது என்று தெரிந்துகொள்வார்கள். அதற்குத்தானே இவ்வளவும். உத்தமபாளையத்தில் அன்றைக்கு வாசலில் நின்றவர்கள் எல்லோரும் படிப்பார்கள். பாடல், இரண்டு புள்ளி, சுருளிவேல். இதுவரை பாட்டாகத்தான் கேட்டார்கள். அவர்களுக்கு நாலு மணி தெரியும்.

அவளுக்கு இது எப்போதிலிருந்து தெரியும் சார்? முதலில் கேட்ட அன்றைக்கே தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் அந்தக் கடைக்கு நடந்து போனாளோ?

உத்தமபாளையம் பாலம் வந்துவிட்டது. அதோ கண்டக்டர் சத்தம் போடுகிறான். நீங்கள் இறங்குங்கள் சார், கோட்டை விட்டுவிடாதீர்கள். நானா? இல்லை, இந்தப் பஸ் கம்பம் வரைக்கும் போகிறது அல்லவா. கம்பத்தில் ஒரு கோயில் கமிட்டிக்காரர் கும்மி கேட்டிருந்தார். அவரைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுகிறேன். அரை மணி நேரம்தான்.

அவள் கூப்பிட்டால் உங்கள் நம்பருக்குத்தான் கூப்பிடுவாள். ஆள் நிஜமாகவே பஸ்ஸில்தான் இருந்தார் என்று சொல்லுங்கள். சின்னமனூர் தாண்டியாச்சு என்றது பொய் இல்லை, நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள், நீங்கள் அதற்குச் சாட்சி. வருவார் என்று சொல்லுங்கள். எப்போது என்று கேட்டால் மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டாம் சார். அந்த வரி அவளுக்குத் தெரியும்.